பெருக்கி வைத்த மேய்ச்சல் தரை

ஈச்சம்பள்ளத்தில் தண்டோரா போடுவது தலையாரி சென்றாயனின் வேலை. போடுகிற செய்தி தனக்கும் புரிய வேண்டும் என்று எந்த உத்தரவிலும் சொல்லியிருக்கவில்லை. பதினேழு வருஷமாக வரி வசூலையும், அம்மை ஊசியையும், காணாமல் போன எருமையையும் அவன் ஒரே குரலில்தான் கூவி வந்தான். எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலையும் அப்படித்தான் போனது.

"சர்வே நம்பர் இருநூத்திப் பதினாலு! மேய்ச்சல் தரை ஒம்பது ஏக்கர் நாப்பது சென்ட்டு! ஜவ்வரிசி பேக்டரிக்குக் குடுக்க உத்தேசம்! ஆட்சேபணை உள்ளவங்க பதினஞ்சு நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணும்! பெறகு ஆபீசரு நேர்ல வந்து பாத்து முடிவு பண்ணுவாரு!"

மூன்று தெருவில் இதைச் சொல்லிவிட்டு நாலாவதாகத் தன் தெருவுக்குள் நுழைந்தபோது, அவன் மனைவி குள்ளம்மாள் இடுப்பில் ஆட்டுக்குட்டியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"எந்தத் தரைங்க?"

"இருநூத்திப் பதினாலு."

"அது எங்க கெடக்குது?"

சென்றாயன் தப்பட்டைக் குச்சியை ஊருக்கு மேற்கே நீட்டினான். நீட்டிய பிறகுதான் குச்சி எதைக் காட்டுகிறது என்று அவனுக்கே தெரிந்தது. வெயிலில் கறுப்பாகப் படுத்திருந்த பாறைமேடு. அதன்மேல் அவன் வீட்டு ஆடுகள் வெள்ளையும் செவலையுமாக நகர்ந்துகொண்டிருந்தன.

"ஏஞ்சாமி," என்றாள் குள்ளம்மாள், "நம்ம பதினோரு ஆட்டு வாயையும் கட்டப் போறாங்கன்னு நீங்களே மோளம் அடிச்சு சொல்லிக்கிட்டு வர்றீங்களா?"

அவன் குச்சியைக் கீழே இறக்கினான். நம்பராகக் கேட்டபோது அது எங்கோ தூரத்து நிலம் மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அன்று காலை ஆடுகளை அங்கே ஓட்டிவிட்டு வந்தவன் அவன்தான்.

பாறைமேட்டை யாரும் எழுதி வாங்கியதில்லை. யாரையும் அங்கே வரக்கூடாதென்று சொன்னதுமில்லை. விடிந்ததும் ஆடு மாடுகள் போகும். வெயில் ஏறினால் பாறைமேல் புளி காயும். கேழ்வரகு அறுத்த கையோடு கட்டுகள் வந்து இறங்கும். மாடு கட்டிப் போரடிப்பார்கள். கிழக்குச் சரிவில் கிழவி சின்னம்மாள் வறட்டி தட்டுவாள். வருஷத்துக்கு ஒரு முறை மாரியம்மனுக்கு அங்கேதான் பொங்கல். மழை பெய்தால் தண்ணீர் அந்தச் சரிவில் ஓடி வந்து, ஊர் முழுவதும் குடிக்கிற ஒரே கிணற்றின் ஓரமாக இறங்கும்.

கிணற்றைப் பற்றி முதலில் பேசியவர் ஜமீர். பொம்மிடியிலிருந்து வாரம் தவறாமல் சைக்கிளில் வந்து ஆடு வாங்கிப் போகிறவர். அன்று ஆடு வாங்க வந்தவர், ஆட்டைப் பிடித்துப் பார்க்காமலே வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார்.

"எம் மச்சான் இருக்கற ஊர்ல இந்த மாதிரி ஒரு பேக்டரி வந்துதுங்க. வந்த ரெண்டாம் வருசம் பக்கத்துக் கெணத்துல தண்ணி எறச்சா புளிச்ச கஞ்சி வாடை. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"மனுசங்க?" என்றாள் சின்னம்மாள்.

"மனுசங்க மூஞ்சியத் திருப்பிட்டு எங்க போறது ஆயா? குடிக்கறாங்க."

அவரே வெள்ளைத்தாளைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து மனு எழுதினார். ஆடு மாடு எத்தனை, கிணறு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எல்லாம் எழுதினார். மைப்பெட்டியைக் கொண்டுவந்தது சென்றாயன். நாற்பத்து மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் சென்றாயனும் பேனாவுக்குக் கை நீட்டினான். அவனுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஜமீர் தாளை இழுத்துக்கொண்டார்.

"நீ வைக்கக்கூடாதுப்பா. நீ கவர்மெண்டு ஆளு. கவர்மெண்டே கவர்மெண்டுக்கு ஆட்சேபணை எழுதுனா, அத யாரு விசாரிக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சென்றாயனும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, ஊரில் எல்லார் கட்டைவிரலும் நீலமாக இருக்கத் தன்னுடையது மட்டும் வெறுமனே இருப்பதை ஏதோ காயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

கிராம நிர்வாக அலுவலர் பச்சியப்பன் நல்ல மனிதர். பழைய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளையெல்லாம் நாலு வருஷத்துக்கு முன் எடுத்துவிட்டு அரசு புதிதாகப் போட்ட ஆட்களில் ஒருவர். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். ஊரை அவர் அறிந்தது பெரும்பாலும் பதிவேடுகளில்தான். அவற்றில் பாறைமேட்டுக்கு நேரே வருஷா வருஷம் 'தரிசு' என்று ஒரே சொல் இருந்தது. மனுவை வாங்கி மேலே அனுப்பினார். பத்து நாள் கழித்து சென்றாயனைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றார். ஜனங்க அந்த இடத்தை உபயோகப்படுத்தறாங்களான்னு கண்ணால பாத்து எழுதணும். அவர் எழுதறதுதான் முடிவு. ஏற்பாடு எல்லாம் நீ பாத்துக்கோ."

இதில் சென்றாயன் காதில் ஆழமாக விழுந்தது கடைசி வாக்கியம். அவனுக்குத் தெரிந்த வேலை அதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் மனு வாங்க ஓர் அதிகாரி ஊருக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறக்கிய முதல் காலைப் பச்சைச் சாணியில் வைத்தார். பாலிஷ் போட்ட பூட்ஸ். அன்றைக்கு முதியோர் பென்ஷன் மனு பதினாலும் கையெழுத்தாகாமல் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போயின. அதில் சின்னம்மாளுடையதும் ஒன்று. சாணியை அள்ளாத குற்றம் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அதற்குப் பிறகு எந்த அதிகாரி வந்தாலும் சென்றாயன் முந்தின நாளே வழியெல்லாம் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவான். இந்த முறை வருகிறவர் கையில் பதினாலு மனு இல்லை, பாறைமேடே இருந்தது.

புதன்கிழமை மறுபடியும் தண்டோரா போட்டான். இது உத்தரவில்லாத தண்டோரா. வீட்டுக்கு ஓர் ஆள் துடைப்பத்தோடு வர வேண்டும்.

எல்லோரும் வந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் போல இருந்தது. ஆடு மாடுகளை வீட்டிலேயே கட்டினார்கள். புழுக்கையைக் கூட்டி அள்ளினார்கள். பாறைமேல் இருந்த புளியை மூட்டை கட்டினார்கள். போரடித்த வைக்கோலை வாரி, முளை அடித்த குழிகளில் மண் போட்டு மூடினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் இன்னும் கொஞ்சம் செய்தார்கள். குள்ளம்மாள் பாறை இடுக்கில் ஈர்க்குச்சியை விட்டு நோண்டி எடுத்தாள்.

"அது எதுக்குடி? ஆபீசரு பாறைக்குள்ள பூந்து பாப்பாரா?" என்றாள் சின்னம்மாள்.

"நீ மொதல்ல உன் வறட்டிய எடு ஆயா. மலையாட்டம் அடுக்கி வச்சிக்கிட்டுப் பேச்சப் பாரு."

"எடுக்கறேன் எடுக்கறேன். எம் பென்சனைத் தின்ன சாணிதான இது. இன்னைக்காவது புத்தி வரட்டும் அதுக்கு."

வறட்டியையும் அள்ளிய சாணியையும் இரண்டு வண்டியில் ஏற்றிச் சின்னம்மாளின் எருக்குழிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் எல்லோரும் ஓரமாக நின்று பார்த்தார்கள். பாறைமேடு இதற்கு முன் அப்படி இருந்ததேயில்லை. துடைப்பத்தின் கோடுகள் வளைந்து வளைந்து அடிவானம் வரை போயின, காற்று தண்ணீர்மேல் எழுதியது போல. இவ்வளவு அழகான இடத்தை யார் மனசு வந்து பேக்டரிக்குக் கொடுக்கும் என்று சென்றாயன் நினைத்தான். அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கே ஜீப் வந்துவிட்டது. அதிகாரி நடுவயதுக்காரர், மூக்குக்கண்ணாடி, அதட்டாத குரல். மாவிலை கட்டிய சின்னப் பந்தலைப் பார்த்து, "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். பூட்ஸ் கடைசி வரை பளபளப்பாகவே இருந்தது. பச்சியப்பன் பின்னால் வர, மேட்டின் நான்கு எல்லையையும் நடந்து பார்த்தார். கிணற்றையும் எட்டிப் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பந்தலுக்கு வந்து அங்கே போட்டிருந்த மேசைமேல் மனுவைப் பிரித்தார்.

"இருநூறு ஆடு, எழுபது மாடு தினமும் மேயுதுன்னு எழுதியிருக்கீங்க."

"மேயுதுங்க சாமி," என்றது கூட்டம்.

"எங்கே?"

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்கதாங்க," என்றான் சென்றாயன்.

அதிகாரி மேட்டைப் பார்த்தார். அவர் பார்த்த பக்கமெல்லாம் சென்றாயனும் பார்த்தான். ஒரு புழுக்கை இல்லை. ஒரு குளம்புத் தடம் இல்லை. இருந்த கொஞ்சப் புல்லும் துடைப்பத்தோடு போயிருந்தது. எதுவுமே இல்லாத அந்த இடம் அவனுக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணில் பட்டது. நேற்று சாயங்காலம் பார்த்ததும் இதே இடம்தானா என்று சந்தேகம் வந்தது.

"கேழ்வரகு அடிக்கறதா எழுதியிருக்கு. ஒரு வைக்கோலைக் காணோம்?"

"வாரிட்டோமுங்க."

"சாணி?"

"அள்ளிட்டோமுங்க."

"எங்கே போட்டீங்க?"

"எம் எருக்குழியில சாமி!" என்று சின்னம்மாள் முன்னால் வந்தாள். "வாங்க, காட்டறேன். ரெண்டு வண்டி!"

"எருக்குழியில சாணி இல்லாம என்னம்மா இருக்கும்?" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கே கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. "எதுக்காக அள்ளினீங்க?"

 பதில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பகல் வெளிச்சத்தில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால், அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க வர்றீங்கன்னுதாங்க," என்றான் சென்றாயன்.

அதிகாரி பச்சியப்பனைப் பார்த்தார். பச்சியப்பன் பதிவேட்டைப் பிரித்து, பழைய வருஷங்களிலும் 'தரிசு' என்றே இருப்பதைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஓர் இளநீர் வந்தது. அதிகாரி குடிக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் சென்றாயன் மெல்லப் பின்வாங்கி, குள்ளம்மாளின் காதில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் ஊருக்குள் ஓடினார்கள். தெருத் தெருவாக அவிழ்த்துவிட்டார்கள். தன் ஆட்டை மட்டுமில்லை. கண்ணில் பட்ட கயிற்றையெல்லாம்.

நேற்றிலிருந்து பட்டினியாகக் கட்டிக் கிடந்த ஆடுகள் பழக்கப்பட்ட வழியில் பாறைமேட்டுக்குப் பாய்ந்தன. போய்ப் பார்த்தால் தின்ன ஒன்றுமில்லை. மேட்டிலேயே அன்றைக்குப் பச்சையாக இருந்தது பந்தல் ஒன்றுதான். அறுபது எழுபது ஆடுகள் பந்தலைச் சூழ்ந்தன. முன்னங்காலைத் தூக்கி மாவிலையை இழுத்தன. ஒரு கிடா பச்சியப்பனின் பதிவேட்டின்மேல் ஏறி நின்றது. ஜீப் டிரைவர் குச்சியை ஓங்க, கூட்டம் 'ஏய், ஏய்' என்று கத்த, அதிகாரி இளநீரைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நாற்காலியோடு சாய்ந்தார். அன்றைக்கும் வந்திருந்த ஜமீர்தான் தாங்கிப் பிடித்தார்.

"பாருங்க சார்!" என்றான் சென்றாயன் மூச்சு வாங்க. "ஆடுங்க சார்!"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இப்போது அவர் முகம் மாறியிருந்தது.

"நான் இது மாதிரி நிறைய ஊர் பாத்திருக்கேன்," என்றார். "ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் எங்கிருந்தோ ஆட்டை ஓட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. இங்க நான் வந்த பிறகுதான் ஓட்டிட்டு வர்றீங்க. அவங்களாவது நேரத்துக்குக் கொண்டு வருவாங்க."

"அய்யோ, இது எங்க ஆடுங்க!" என்று குள்ளம்மாள் கத்தினாள். "எல்லாத்துக்கும் பேரு இருக்குது சாமி! இது செவலை, இது கூராதி, இது..."

"உங்க ஆடுதாம்மா. இங்கதான் மேயுதான்னுதான் கேள்வி."

"இல்லீன்னா இது எதுக்கு நேரா இங்க ஓடியாருது?"

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். நல்ல கேள்வி என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவர் கண் மாவிலை தொங்கிய பந்தலுக்குப் போனது. பேனாவைத் திறந்தார்.

"நான் கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுத முடியும். அதுதான் நியாயம். பேக்டரிக்காரங்க பக்கம் சொல்றதையும் எழுதக்கூடாது, உங்க பக்கம் சொல்றதையும் எழுதக்கூடாது."

எழுதினார். எழுதிய மகஜரை உரக்கப் படித்தார். பதினொன்று ஐந்துக்கு இடம் பார்வையிடப்பட்டது. இடம் காலியாகவும் சுத்தமாகவும் இருந்தது. கால்நடை மேய்ந்ததற்கோ, களமாகப் பயன்படுத்தியதற்கோ தடயம் எதுவும் காணப்படவில்லை. பன்னிரண்டு மணி சுமாருக்குச் சில ஆடுகள் கிராமத்திலிருந்து ஓட்டி வரப்பட்டன.

"ஏதாவது தப்பா எழுதியிருக்கேனா?" என்று கேட்டார்.

சென்றாயன் ஒவ்வொரு வரியாக மனசுக்குள் திருப்பிப் பார்த்தான். காலியாக இருந்தது: உண்மை. சுத்தமாக இருந்தது: உண்மை. ஆடுகள் ஓட்டி வரப்பட்டன: அவன்தானே ஓட்டி வந்தான். ஒரு பொய் இல்லை. அத்தனையும் சேர்ந்து எப்படி இப்படி ஒன்றாகிறது என்றுதான் விளங்கவில்லை.

"சாட்சிக்கு ஊர்க்காரங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணும்," என்றார் பச்சியப்பன். "மொதல்ல தலையாரி. சென்றாயா, வா, போடு."

சென்றாயன் முன்னால் போனான். பதினேழு வருஷத்தில் நீட்டிய தாளில் எல்லாம் பெயர் எழுதியிருக்கிறான். பேனா கைக்கு வந்தது. அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போடப் போனபோது ஜமீர் இழுத்துக்கொண்ட தாள் அவன் நினைவுக்கு வந்ததா, அல்லது எதுவுமே வரவில்லையா என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை. கை தாளுக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றுவிட்டது.

"சார், ஒரு வரி சேத்து எழுதுவீங்களா?"

"என்ன வரி?"

"இங்க இருந்த சாணிய நேத்து அள்ளுனது நாந்தான்னு."

"அதை நான் பாக்கலையே."

"நான் பாத்தேனுங்க."

"சரி. கையெழுத்துக்குக் கீழே நீயே எழுதிக்கொடு. நான் தடுக்கலை."

சென்றாயன் தாளைப் பார்த்தான். பெயர் மட்டும்தான் அவன் கைக்குத் தெரியும். 'சாணி' என்று எப்படி எழுதுவது என்று தெரியாது. ஜமீரைப் பார்த்தான். ஜமீர் ஓர் அடி முன்வைத்தார்.

"ஊர்க்காரர் இல்லாதவங்க தலையிட வேண்டாம்," என்றார் பச்சியப்பன். சென்றாயன் அவரைப் பார்த்ததும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படீன்னா நான் போடலைங்க," என்றான் சென்றாயன்.

சொன்ன பிறகு அவனுக்கே பயமாக இருந்தது. பேனாவை மேசைமேல் வைத்தான், அது உருண்டது, பிடித்து மறுபடியும் வைத்தான்.

"நீ அரசாங்கச் சம்பளம் வாங்கற ஆளு," என்றார் அதிகாரி. "எழுதினதுல பொய் இருக்கா?"

"இல்லைங்க."

"பிறகு?"

"தெரியலைங்க சார்."

வேறு யாராவது வாருங்கள் என்று பச்சியப்பன் கூட்டத்தைப் பார்த்தார். நாற்பத்து மூன்று கட்டைவிரல்களும் முந்தானைக்குள்ளும் அக்குளுக்குள்ளும் போயின. சின்னம்மாள் மட்டும், "எங் கையி சாணியா இருக்குது சாமி, கழுவிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வரவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். கிழிக்கவுமில்லை, முத்திரை போடவுமில்லை.

"சாட்சி இல்லாம இதை அனுப்ப முடியாது. மறுபடி ஒரு தடவை வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்," என்றார். சென்றாயனிடம், "உனக்கு மெமோ வரும். விளக்கம் எழுதிக் கொடுக்கணும்," என்றார். ஜீப் போனது. நன்றாகத் தண்ணீர் தெளித்திருந்ததால் புழுதிகூடக் கிளம்பவில்லை.

ஜெயித்தோமா தோற்றோமா என்று அன்றைக்கு ஊரில் யாருக்கும் தெரியவில்லை. குள்ளம்மாள் அவன் தட்டில் இரண்டு களி உருண்டை கூடுதலாக வைத்துவிட்டு, "வேலை போயிருச்சுன்னா என்ன பண்றது?" என்று திட்டவும் செய்தாள்.

எட்டாம் நாள் மெமோ வந்தது. அதிகாரி மட்டும் வரவில்லை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஊர் பழையபடி பாறைமேட்டுக்குப் போனது. ஆனால் பழையபடி போக முடியவில்லை. குள்ளம்மாள் ஆட்டை அவிழ்க்கும்போதே, "ரோட்டுப் பக்கம் மேயட்டுமா, உள்பக்கம் மேயட்டுமா?" என்று கேட்டாள். சின்னம்மாள் வறட்டியை ஜீப் வருகிற திசையைப் பார்த்து அடுக்கினாள். அடித்து முடித்த வைக்கோலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் சிலர் அங்கேயே கொஞ்சம் விட்டுவைத்தார்கள். புளி காய்ந்த பிறகும் பாறைமேலேயே கிடந்தது. எது உண்மையாகவே அங்கே நடக்கிறது, எது நடப்பதாகக் காட்டுவதற்காக நடக்கிறது என்று சென்றாயனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாணியில் கால் வைத்துவிட்டால் இப்போதெல்லாம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வாரச் சந்தைக்கு ஆடு வாங்க வந்த ஜமீர், விளக்கம் எழுத மேட்டின்மேலேயே உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டைமேல் தாள்.

"சொல்லுப்பா. மகஜர்ல கையெழுத்துப் போட மறுத்த காரணம் யாதுன்னு கேட்டிருக்காங்க. உள்ளது என்னவோ அதச் சொல்லு."

"எழுதுனது எல்லாம் சரிதான். ஆனா சரியில்லை."

"இதையே எழுதவா?"

"எழுதாதீங்க பாய். சிரிப்பாங்க."

"பிறகு என்னா எழுதறது?"

அப்போது ரோட்டில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. மேடு முழுவதும் ஓர் அசைவு ஓடியது. குள்ளம்மாள் ஒதுங்கி நின்ற ஆடுகளை நடுமேட்டுக்கு விரட்டினாள். போரடித்து முடித்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மாட்டை மறுபடியும் வெறும் தரையில் சுற்றவிட்டார்கள். சின்னம்மாள் இரண்டு கையையும் சாணிக்குள் விட்டாள். ஜமீர்கூட, என்ன நினைத்தாரோ, பக்கத்தில் நின்ற கிடாவைப் பிடித்துப் பல்லைப் பார்த்தார்.

சித்தேரி மலைக்குப் போகிற பஸ். கூரைமேல் மூட்டைகளோடு திரும்பி, புளியமரத்துக்குப் பின்னால் மறைந்தது. மாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவை இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தன. ஜமீர் கிடாவை விட்டுவிட்டுத் தாளைத் தேடி எடுத்தார்.

"சொல்லு," என்றார்.

சென்றாயன் வாயைத் திறந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல், எதிரே நடப்பதையே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான்: அங்கே ஒரு வெள்ளாடு இருக்குது, அதுக்குப் பக்கத்துல ரெண்டு குட்டி, அதுக்கு மேக்கால சின்னம்மா இருக்குது. ஜமீர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டே போனார்.